தப்பான ஊரில் இரண்டு நாள் அழுதேன்

ஸ்காட்லாந்தில் டன்கெல்ட் என்று ஒரு சின்ன ஊர். டே நதிக்கரையில் பாதி இடிந்த பழைய பேராலயம், அதைச் சுற்றிப் புல்வெளி, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் மரங்கள். 2024 மே மாதம் அந்தப் புல்வெளியில் உட்கார்ந்து, "அம்மாயி, உங்க அப்பா ஊருக்கு வந்துட்டேன்" என்று சொல்லி அழுதேன். மறுநாளும் போய் அழுதேன். மூன்றாம் நாள் காலையில்தான் தெரிந்தது, அது எங்கள் ஊரே இல்லை. எங்கள் ஊர் அங்கிருந்து கிழக்கே, கடலோரப் பக்கம், யாரும் சுற்றிப் பார்க்கப் போகாத ஒரு விவசாயக் காட்டில் கிடந்தது. கையில் இருந்த 12 நாளில் 4 நாளும், 43 ஆயிரம் ரூபாயும் இந்த ஒரு தப்பில் போயின. போகும் முன்னால் யாராவது பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கூடலூர்க்காரிக்கு ஸ்காட்லாந்து எப்படிச் சொந்த ஊராகும் என்று கேட்பீர்கள். என் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவள், 1908-இல் இலங்கையில் டிக்கோயாப் பக்கம் டன்கெல்ட் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். பூனைக்கண். கொஞ்சம் வெயிலில் நின்றால் கன்னம் சிவந்துவிடும். அவள் அம்மா கொழுந்து பறித்தவள். அப்பா அந்தத் தோட்டத்துத் துரை, அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர். ஊருக்கே தெரிந்த விஷயம், வீட்டில் மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். துரை 1913-இல் செத்துப்போனபோது அம்மாயிக்கு ஐந்து வயது. அவளுக்கு ஞாபகம் இருந்தது ஒன்றே ஒன்று: பங்களாப் படியில் நின்று ஒரு வெள்ளைக்காரர் அவளுக்கு பிஸ்கட் கொடுத்தது. அது துரைதானா, வேறு யாரோ விருந்தாளியா என்று அவளுக்கே நிச்சயமில்லை. தோட்டத் தமிழர்களில் யார் இலங்கைக்கு, யார் இந்தியாவுக்கு என்று பிரித்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்களுக்கு இந்தியா என்று எழுதிவிட்டார்கள். 1970-களில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் கூடலூரில் மறுபடியும் தேயிலைக்குள்ளேயே வந்து விழுந்தோம். அம்மாயி 1989-இல் போய்ச் சேர்ந்தாள். "எங்கப்பன் ஊரு டங்கல்லு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். டங்கல் என்றால் டன்கெல்ட். ஸ்காட்லாந்திலும் ஒரு டன்கெல்ட் இருக்கிறது. எனக்கு வேறென்ன வேண்டும்?

இங்கேதான் சறுக்கினேன். இலங்கையின் தேயிலை மலைப்பகுதியான மலையகத்தில் தோட்டங்களுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பேரைப் பாருங்கள்: ஹோலிரூட், பால்மோரல், கிளாஸ்கோ, எடின்பரோ, டன்சினேன், பிளேயர் அத்தோல், இன்வர்னஸ். பாதி ஸ்காட்லாந்து வரைபடமே அங்கே தேயிலைக்குள் கிடக்கிறது. ஆனால் பேர் வைத்தவர் ஒருவர், பிறகு வாங்கியவர் இன்னொருவர், அம்மாயி பிறந்தபோது பங்களாவில் குடியிருந்தவர் மூன்றாமவர். துரைகள் தோட்டத்துக்குத் தோட்டம் மாறிக்கொண்டே இருந்தவர்கள். காந்தி நகரில் குடியிருப்பவர்களெல்லாம் காந்திக்குப் பேரப்பிள்ளைகளா? முப்பது வருஷம் வங்கியில் கையெழுத்தை உற்றுப் பார்த்துச் செக் பாஸ் செய்த எனக்கு இந்தச் சின்னக் கணக்கு தோன்றவில்லை. மலையகத்திலிருந்து துரை வழித் தேடலில் இறங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் தோட்டத்தின் பேரை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது ஆளின் ஊர் அல்ல.

சரி, பணக் கதை. விருப்ப ஓய்வில் வந்த பணத்தில் நாலு லட்சம் எடுத்து வைத்தேன். விமான டிக்கெட் 68 ஆயிரம். பிரிட்டனுக்கு ஆறு மாத சுற்றுலா விசா அப்போது 115 பவுண்டு, நம் காசுக்குப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். விசாவுக்காகச் சென்னை போய் வந்த செலவு தனி. விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "அப்ப உனக்கு அங்க குடியுரிமை கிடைக்குமா?" கிடைக்காது. காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்குப் பூர்வீக விசா என்று ஒன்று உண்டு. அதுவும் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு. தாத்தாவோ பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும். எனக்கு அவர் கொள்ளுத்தாத்தா, ஒரு தலைமுறை தள்ளிப்போய்விட்டது. தள்ளாமல் இருந்தாலும் அம்மாயிக்கு அப்பா யார் என்று சொல்லும் காகிதம் எந்த ஆபீசிலும் இல்லை. இதை முன்பே தெரிந்துகொண்டு போங்கள், ஆசையை வளர்த்துக்கொள்ளாதீர்கள்.

எடின்பரோவில் இரண்டு நாள். கோட்டைக்கு நேரில் போய் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம் என்று மலையேறினேன். அன்றைக்கும் மறுநாளுக்கும் தீர்ந்துபோயிருந்தது. ஸ்காட்லாந்து ராஜாக்களின் கிரீடமும் செங்கோலும் வாளும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. வாசலில் நின்று மதிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கோட்டைக்கு ஊரிலிருந்தே நாள், நேரம் குறித்து டிக்கெட் எடுத்துவிடுங்கள். முடிசூட்டுக்குப் பயன்பட்ட விதிக்கல் கோட்டையில் இருப்பதாகப் பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் இருக்கும். அது 2024 மார்ச்சில் பெர்த் ஊரில் திறந்த புது அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. நான் ரயில் மாறுவதற்காகப் பெர்த்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நடந்து போகிற தூரத்தில் கல் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

பெர்த்திலிருந்து வடக்கே போகும் ரயிலில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டன்கெல்ட், பிட்லாக்ரி, பிளேயர் அத்தோல் என்று அறிவிப்பு வருகிறது. மலையகத்து ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுகிற மாதிரியே. ஸ்டேஷன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிர்னம் என்ற ஊரில் இருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு 1809-இல் டெல்ஃபோர்டு என்ற பொறியாளர் கட்டிய பாலத்தைத் தாண்டித்தான் டன்கெல்டுக்குள் போக வேண்டும். பாலத்தின் நடுவில் நின்றபோது ஆற்றின் நிறம் என்னை அசத்திவிட்டது. சாயம் இறங்கின வெறுந்தேத்தண்ணி நிறம், அப்படியே. மலைமேல் இருக்கும் கரிமண்ணில் ஊறி வருவதால் அந்த நிறம் என்று பிறகு படித்தேன். அந்த நேரத்தில் அதுவும் எனக்கு ஒரு சகுனமாகப் பட்டது. சகுனம் பார்க்கிற மனநிலையில் போனால் எல்லாமே சகுனம்தான்.

ஊரைக் குறை சொல்லவே மாட்டேன். பேராலயத்தின் ஒரு பாதி கூரையோடு இன்னும் வழிபாட்டில் இருக்கிறது, மறு பாதி வானத்தைப் பார்த்து நிற்கிறது. 1689 ஆகஸ்டில் இந்த ஊருக்குள்ளேயே சண்டை நடந்து ஊர் எரிந்து, மூன்று வீடு மட்டும் மிஞ்சியது என்கிறார்கள். ஆற்றங்கரையில் கிழட்டு ஓக் மரம் ஒன்று, கிளைகளுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஊன்றுகோல் பிடித்த தாத்தா மாதிரி. இரண்டாம் நாள் பக்கத்தில் கில்லிகிராங்கி பள்ளத்தாக்குக்கும் போய் வந்தேன். தோற்று ஓடிய சிப்பாய் ஒருவன் ஆற்றை ஒரே தாவில் தாண்டினான் என்று ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் நான் பார்த்த ஒவ்வொரு கல்லிலும் 'இங்கே எங்க கொள்ளுத்தாத்தா விளையாடியிருப்பார்' என்று ஒட்டவைத்துக்கொண்டே நடந்தேன். கற்பனைக்கு யாரும் டிக்கெட் கேட்பதில்லை, அதுதான் சிக்கல்.

மூன்றாம் நாள் காலை பேராலயத்துக்குள் ஒரு பெரியவர் இருந்தார், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் தொண்டர். எழுபத்தைந்து வயதிருக்கும். எந்தக் குடும்பம் என்று கேட்டார். கதையைச் சொல்லி, போனில் இருந்த கல்லறைப் படத்தைக் காட்டினேன். டிக்கோயாவில் வார்லி கிறிஸ்து தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் துரையின் கல் இருக்கிறது. ஹட்டனில் இருக்கும் சித்தி மகன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்து அனுப்பிய படம். பாதி எழுத்தைப் பாசி தின்றுவிட்டது. துரையின் பேர், 1913, வயது 45, அதற்குக் கீழே ஒரு வரியின் கடைசியில் ஃபோர்டூன் என்று ஒரு சொல் மட்டும் தெரியும். கல்லை நட்டுக் கொடுத்த சிநேகிதன் பேராக இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அம்மா, ஃபோர்டூன் ஆள் இல்லை. ஊர். மெர்ன்ஸ் பக்கம், கின்கார்டின்ஷயரில். இங்கிருந்து ரொம்ப தூரம்" என்றார். அவர் குரலில் இருந்த இரக்கம்தான் என்னை அதிகம் நோகடித்தது. இரண்டு வருஷமாக என் போனிலேயே இருந்த பதில். தேதிக்கும் பேருக்கும் கீழே இருக்கும் சொல்லை யாரும் படிப்பதில்லை. அங்கேதான் ஊர் இருக்கும். படத்தில் தெரியும் ஒரு சொல்லைக்கூட விடாமல் தட்டித் தேடிப் பாருங்கள்.

அன்று வெளியே எங்கும் போகவில்லை. விடுதி அறையில் உட்கார்ந்து, ஆறு மாதத்துக்கு முன்னால் கூடலூரில் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். ஸ்காட்லாந்து அரசின் பதிவேடுகள் 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' என்ற தளத்தில் இருக்கின்றன. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் 1855-இலிருந்து அரசுப் பதிவில் இருக்கும். அதற்கு முந்தியதை அந்தந்த பாரிஷ் சர்ச் ஏடுகளில் தேட வேண்டும். பாரிஷ் என்றால் ஒரு கோயிலைச் சுற்றிய கிராமங்கள் சேர்ந்த வட்டாரம். தேடுவது இலவசம். மூலப் பக்கத்தின் படம் பார்க்கத்தான் காசு, அப்போது ஒரு படத்துக்கு ஒன்றரைப் பவுண்டு. குறைந்தது ஏழரைப் பவுண்டுக்கு வாங்க வேண்டியிருந்தது. பாரிஷ் பேர் தெரியாமல் துரையின் பேரை மட்டும் போட்டால் நூற்றுக்கணக்கில் வருகிறது. அந்த நாட்டில் ஆளுக்கு ஆள் ஒரே பேர்தான். ஃபோர்டூன் என்று போட்டு 1867 முதல் 1869 வரை என்று சுருக்கியதும் இரண்டே பேர். இரண்டு படத்தையும் வாங்கினேன். முதல் குழந்தை ஒரு வயது ஆகும் முன்பே இறந்திருந்தது. இரண்டாவது, 1868.

அந்தப் பக்கத்தை இன்னும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். குழந்தையின் பேர். அதற்கு நேர் கீழே, அடைப்புக்குறிக்குள், 'முறைதவறிப் பிறந்தது' என்பதற்கான ஆங்கிலச் சொல். 1919 வரை அங்கே பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அப்பா பேர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒன்றுமே இல்லை. அம்மா: பண்ணை வேலைக்காரி. அவளுக்கு எழுதத் தெரியவில்லை. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் பதிவாளர் 'அவள் குறி' என்று எழுதியிருக்கிறார். பேனாவை அழுத்திப் பிடித்து இழுத்திருக்கிறாள், ஒரு கோடு மை ஊறித் தடித்திருக்கிறது. பங்களாவும் குதிரையும் தொப்பியுமாக அம்மாயி சொன்ன துரை, அப்பன் பேர் இல்லாத பிள்ளை. அம்மாயி மாதிரியே. நான் அழவில்லை. இரண்டு நாள் தப்பான இடத்தில் கொட்டித் தீர்த்ததால் ஸ்டாக் இல்லை என்று நினைக்கிறேன். விடிய விடிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படங்களை வாங்கிப் பார்த்தேன். 1871-இல் தாத்தா வீட்டில் இருக்கிறான், தாத்தா ஏர் உழுகிறவர். 1881-இல் பதின்மூன்று வயது, பள்ளி மாணவன். அம்மா அந்த வீட்டில் இல்லை. வேறெங்கோ வேலைக்குப் போயிருப்பாள்.

காலையில் முதல் வேலையாக இருந்ததையெல்லாம் ரத்து செய்தேன். டன்கெல்டில் மீதி இரண்டு இரவு, 190 பவுண்டு. திரும்பத் தரமாட்டோம் என்ற நிபந்தனையோடு பத்து பவுண்டு மலிவாகக் கிடைத்த அறை. வாரக் கடைசியில் ஸ்கை தீவுக்கு இரண்டு நாள் கோச் சுற்றுலா ஒன்றுக்கு 195 பவுண்டு கட்டியிருந்தேன். போன் செய்தேன், மெயில் அனுப்பினேன், வரமுடியாத காரணத்தைக் கதையாகவே எழுதினேன். மூன்று நாள் கழித்து ஒரு வரியில் இல்லை என்று பதில் வந்தது. அவர்கள் மேல் தப்பில்லை, விதியில் எழுதியிருந்ததை நான்தான் படிக்கவில்லை. முன்பே எடுத்த ரயில் டிக்கெட் 22 பவுண்டு. மொத்தம் 407. பூர்வீகம் தேடிப் போகிற பயணத்தில் மட்டும் ரத்து செய்ய முடிகிற அறையாகப் பிடியுங்கள், பத்து பவுண்டு கூடப் போனாலும் போகட்டும். கோட்டை, ஏரி எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். தாத்தா பாட்டி இடம் மாறுவார்கள்.

பெர்த்தில் ரயில் மாறி, டண்டீ வழியாகக் கடலை ஒட்டி ஸ்டோன்ஹேவன் போய்ச் சேர்ந்தேன். மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊர். கடைசி நேரத்தில் கிடைத்த அறைக்கு ஒரு இரவு 110 பவுண்டு. மறுநாள் கடற்பாறை ஓரமாக டன்னாட்டர் கோட்டைக்கு நடந்தேன். முக்கால் மணி நேர நடை. மூன்று பக்கமும் கடல், செங்குத்தான பாறை, அதன் தலையில் இடிந்த கோட்டை. படத்தில் பார்த்ததைவிடப் பயங்கரம். கிட்டே போனால், காற்று பலமாக இருப்பதால் இன்று மூடல் என்று பலகை. காற்று என்றால் நீலகிரிக் காற்று இல்லை, ஆளை ஒரு அடி பின்னால் தள்ளுகிற காற்று. என் குடை முதல் நிமிடத்திலேயே மேல்நோக்கி மலர்ந்து கம்பி முறிந்தது. அந்த ஊருக்குக் குடை எடுத்துப் போகாதீர்கள், தலையை மூடும் மழைச்சட்டைதான் நிற்கும். புறப்படும் முன் கோட்டையின் இணையப் பக்கத்தில் திறந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் அதையும் செய்யவில்லை.

எதிர்ப் பாறையில் உட்கார்ந்து கோட்டையைப் பார்த்துக்கொண்டே அதன் கதையைப் போனில் படித்தேன். எடின்பரோவில் நான் பார்க்க முடியாமல் திரும்பினேனே, அந்தக் கிரீடத்தை இங்கிலாந்தின் குரோம்வெல் படையிடமிருந்து காப்பாற்ற இங்கேதான் ஒளித்து வைத்திருக்கிறார்கள். எட்டு மாத முற்றுகை. 1652-இல் கோட்டை விழும் முன்னால் அதை வெளியே கடத்தி, பக்கத்தில் கின்னெஃப் கோயில் போதகரும் அவர் மனைவியும் கோயில் தரைக்கடியில் புதைத்து, 1660 வரை காத்திருக்கிறார்கள். கிரீடத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம், எடின்பரோவிலும் கதவடைப்பு, இங்கேயும் கதவடைப்பு. இன்னொரு கதையும் உண்டு. 1685-இல் ராஜாவின் மத ஆணையை ஏற்காத 167 பேரை, ஆணும் பெண்ணுமாக, இந்தக் கோட்டையின் ஒரு நிலவறையில் அடைத்தார்கள். ஒரே அறையில். அதைப் படித்த பிறகு கிரீடக் கதை எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

சனிக்கிழமை பஸ் பிடித்து ஆக்கின்பிளே போனேன். ஃபோர்டூன் பாரிஷில் உள்ள கிராமம் அது. ஒரே தெரு, சரிவில் கல் வீடுகள், பின்னால் ட்ரம்டாக்டி பள்ளத்தாக்கின் காடு. மண் செக்கச்செவேல் என்று இருக்கிறது. நம்மூர்ச் செம்மண்ணைப் பார்த்த மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஒரு விஷயம் தேயிலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். இலங்கையில் முதன்முதலாக வணிக அளவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் 1835-இல் பிறந்ததும் இதே ஃபோர்டூன் பாரிஷில்தான், மான்போடோ நிலக்கிழாருடைய இடத்தில். பதினாறு, பதினேழு வயதில் கப்பலேறி, 1867-இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தவர். இந்தப் பக்கத்துப் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக இலங்கைக்குப் போயிருக்கிறார்கள். முன்னே போனவர் கடிதம் எழுதி அடுத்தவரைக் கூப்பிடுவார். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி போய்த் திருச்சி, புதுக்கோட்டையிலிருந்து ஆள் கட்டி வந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் சம்பளத்தில்தான்.

ஃபோர்டூன் கோயில் வளாகத்தில் பல்லேடியஸ் என்ற புனிதர் பேரில் கூரையில்லாத பழைய சிற்றாலயம் ஒன்று நிற்கிறது. மூன்று மணி நேரம் ஒவ்வொரு கல்லாகப் படித்தேன். எங்கள் பேர் ஒன்றுகூட இல்லை. புல் வெட்ட வந்தவரிடம் கேட்டபோது, "ஏர் உழுதவனுக்கு ஏது கல்?" என்றார். அதுவரை அது எனக்கு உறைக்கவே இல்லை பாருங்கள். லயத்தில் செத்த எங்கள் ஆட்களுக்கு எங்கே கல் இருக்கிறது? கல்லறைத் தோட்டத்தில் பேர் இல்லையென்றால் ஊர் தப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஏழைகள் பதிவேட்டில்தான் இருப்பார்கள், கல்லில் இருக்க மாட்டார்கள்.

பிறப்புப் பதிவில் ஒரு பண்ணையின் பேர் இருந்தது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தில் 19ஆம் நூற்றாண்டு வரைபடத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், காசில்லை. பழைய படத்தில் பண்ணையிலிருந்து கொஞ்சம் தள்ளி வரிசையாக நாலு சின்னக் கறுப்புக் கட்டங்கள். புதுப் படத்தில் அந்த இடம் வெறும் வயல். ஞாயிற்றுக்கிழமை அங்கே போகலாம் என்று பஸ் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகுதான் அட்டவணையைச் சரியாகப் பார்த்தேன். அந்தத் தடத்தில் ஞாயிறு பஸ்ஸே இல்லை. கிராமப்புறத்தில் இது சகஜம், முதல் நாளே 'டிராவல்லைன் ஸ்காட்லாந்து'-இல் பார்த்துவிட வேண்டும். டாக்சி பிடித்தேன். போக வர, காத்திருக்க, எல்லாம் சேர்த்து 96 பவுண்டு. டிரைவர் ஏறியதும் "ஃபிட் லைக், குவைன்?" என்றார். ஆங்கிலம் என்றே எனக்குப் படவில்லை. அந்தப் பக்கத்துப் பேச்சில் 'எப்படி இருக்கே, பொண்ணே?' என்று அர்த்தமாம். ஐம்பத்தெட்டு வயதில் பொண்ணே என்று கூப்பிட்ட ஒருவருக்கு 96 பவுண்டு கொடுக்கலாம்.

ஸ்காட்லாந்தில் 2003 சட்டப்படி அடுத்தவர் நிலத்தின் வழியாக, பயிரையும் கால்நடையையும் தொந்தரவு செய்யாமல் நடந்து போகலாம். வீடு, முற்றம், தோட்டத்துக்குள் மட்டும் நுழையக் கூடாது. சட்டம் இருந்தாலும் பண்ணை வீட்டில் போய்க் கேட்டேன். வயதான அம்மா ஒருவர் ரப்பர் பூட்ஸோடு வந்தார். பழைய வரைபடத்தைக் காட்டியதும் புரிந்துகொண்டு, "ஓ, காட்டர் வீடுகள்" என்று கூடவே நடந்து வந்தார். வேலியோரம், மஞ்சள் பூத்த முள்புதருக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் ஒரு கல்வரிசை. ஒரு மூலையில் புகை படிந்த கல். அடுப்பு இருந்த இடம் என்றார். பக்கத்தில் ஒரு ரோவன் மரம், சூனியம் அண்டாதிருக்க வாசலில் வைப்பது. அறையின் நீளத்தை அடி வைத்து அளந்தேன், பதினான்கு அடி. எங்கள் லயக் காம்பரா, அதாவது லயத்து அறை, பன்னிரண்டு.

அந்த அம்மா சொன்னது: இந்த வீடு வேலை செய்கிறவனுக்கு. வேலை ஒப்பந்தம் முடிந்தால் வீட்டையும் விட்டுவிட வேண்டும். தவணை நாளன்று மேசையும் கோழியும் பிள்ளைகளும் வண்டியில் ஏறி அடுத்த பண்ணைக்குப் போகும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்பா ஓய்வு பெற்ற அன்று லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸ் ஞாபகம் வந்தது. இந்தப் பதினான்கு அடி வீட்டில், அப்பன் பேர் இல்லாமல் வளர்ந்த ஒருவர், ஊர்ப் பள்ளிக்கூடத்துப் படிப்பை வைத்துக்கொண்டு டிக்கோயாவுக்குப் போய்த் துரையாகி, மலையிலிருந்து கீழே பார்த்தால் தெரிகிற லயத்தில் தன் மகளை அப்பன் பேர் இல்லாமல் விட்டுவிட்டுச் செத்திருக்கிறார். பாவம் என்று நினைத்தேன். உடனே கோபம் வந்தது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா, அந்தக் கட்டம் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று? வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும். ஒன்றுமே சொல்ல வரவில்லை. அந்த அம்மா டீ குடிக்கிறாயா என்றார். டிரைவர் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். குடித்திருக்கலாம்.

திரும்பி வந்து ஒரு கடைசி அடி. என்னிடம் 60 பவுண்டு மிச்சம், எல்லாம் ஸ்காட்லாந்து வங்கிகள் அச்சடித்த நோட்டு. அங்கே மூன்று வங்கிகளுக்குச் சொந்தமாக நோட்டு அடிக்கும் உரிமை உண்டு. கோயம்புத்தூரில் காசு மாற்றப் போனால் இது வேண்டாம் என்று திருப்பித் தந்தார்கள். கிளம்பும் முன் அங்கேயே பாங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் செலவழித்துவிடுங்கள். அந்த மூன்று இருபதும் இப்போது அம்மாயி படத்துக்குப் பின்னால் இருக்கின்றன. சாப்பாட்டுக் கவலை உள்ளவர்களுக்கு: பருப்பு சூப் எல்லா ஊரிலும் கிடைக்கும், ஆனால் இறைச்சி வேகவைத்த சாறா என்று கேட்டுக் குடியுங்கள். இட்டிலிப் பொடி எடுத்துப் போனது மட்டும்தான் இந்தப் பயணத்தில் நான் செய்த புத்திசாலித்தனம்.

அம்மாவைப் பற்றியும் தேடிக்கொண்டிருக்கிறேன், துரையின் அம்மாவைச் சொல்கிறேன். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்ற பெண்களைச் சர்ச் சபை கூப்பிட்டு விசாரித்து எழுதி வைத்த ஏடுகள் இப்போது அதே தளத்தில் வந்துவிட்டன. பேர் வைத்துத் தேட முடியாது, பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். கையெழுத்தோ கோழி கிளறின மாதிரி. வாரத்துக்கு இருபது பக்கம் ஓடுகிறது. போன வாரம் ஹட்டன் தம்பியிடம் போனில் பேசினேன். கல்லில் ஃபோர்டூனுக்குக் கீழே இன்னும் ஒரு வரி பாசிக்குள் இருப்பது படத்தைப் பெரிதாக்கினால் தெரிகிறது. கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டிவிடாதே, பச்சைத் தண்ணியும் பழைய டூத் பிரஷும் போதும், சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடு என்று சொன்னேன். "இப்ப இங்க அடைமழை அக்கா, விட்டதும் போறேன்" என்றான். இன்னும் விடவில்லையாம்.